யேட்ஸ் திரும்பி வந்த சரளை ரோடு!

2018 மே 25. ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் 19-வது நாள். மூன்று வாரம் நடக்கும் இந்தப் பந்தயத்தில், மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர்தான் பிங்க் ஜெர்ஸி அணிய முடியும். 13 நாள்களாக அது சைமன் யேட்ஸின் உடம்பில் இருந்தது. 25 வயது இங்கிலாந்துக்காரர். அதுவரை மூன்று நாள் பந்தயங்களை வேறு ஜெயித்திருந்தார். அன்றையும் சேர்த்து இன்னும் மூன்றே நாள்.

அன்றைய வழியில் ஒரு மலை குறுக்கே நின்றது. கோலே டெல்லே ஃபினெஸ்த்ரே. ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே யேட்ஸின் கால்கள் நின்றுவிட்டன. கூட்டம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு சக வீரர் துணைக்கு வர, தலையைத் தொங்கப்போட்டபடி பிங்க் ஜெர்ஸி பின்னால் நகர்ந்ததை டி.வி-யில் உலகமே பார்த்தது. மேலே, சரளைக்கல் பகுதியில் கிறிஸ் ஃப்ரூம் தனியாகப் பிரிந்து, மீதமிருந்த 80 கிலோமீட்டரையும் ஒற்றை ஆளாக ஓட்டி முடித்தார். அந்த வருட ஜிரோவும் அவருக்கே. யேட்ஸ் 38 நிமிடங்களுக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தார்.

அப்படி என்ன இருக்கிறது அந்த மலையில்?

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்கு அருகே சூசா என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து கணவாயின் உச்சிக்கு சுமார் 18 கிலோமீட்டர். உச்சி 2,100 மீட்டருக்கும் மேல். சராசரிச் சரிவு 9 சதவிகிதம். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் முன்னேறும்போதும் 9 மீட்டர் மேலே ஏற வேண்டும். நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள சமதளம் என்று எதுவும் கிடையாது. முதல் பாதி காட்டுக்குள் அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். கடைசி எட்டு கிலோமீட்டர் தார் இல்லை. வெறும் மண்ணும் சரளையும்தான்.

இந்த ரோட்டைப் போட்டவர்களுக்கு சைக்கிள் பற்றி ஒரு கவலையும் இருந்திருக்காது. சைக்கிளே அப்போது இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபெனெஸ்த்ரெல்லே கோட்டைக்கு ராணுவம் போய்வர அமைத்த வழி இது. சுற்றியுள்ள மலைகளிலும் இதே கதைதான். பிரான்ஸ்காரர்கள் எந்தக் கணவாய் வழியாக இறங்குவார்கள் என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாக வெட்டிய பாதைகள். பீரங்கி இழுக்கும் கோவேறு கழுதைகளுக்காக, செங்குத்தாக ஏறாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும்படி அமைத்தார்கள். கழுதைக்குச் சரிப்பட்ட அந்தச் சரிவு, இன்றைக்கு சைக்கிளுக்கும் சரிப்படுகிறது. இந்தப் பகுதி கிராவல் சைக்கிள்காரர்களின் சொர்க்கமாக ஆனதற்கு அந்தப் பழைய பயம்தான் காரணம்!

கிராவல் சைக்கிள் என்பது பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். வளைந்த ஹேண்டில்பார், லேசான உடம்பு. டயர் மட்டும் அகலம், 40 மில்லிமீட்டர் அளவுக்கு. காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடிப்பார்கள். டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு உருள வேண்டும் என்பதற்காக. ஏற்றத்துக்கென்று மிக லேசான கியர்களும் உண்டு.

சரளையில் ஏறும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. தார் ரோட்டில் கால் வலித்தால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கலாம். இங்கே எழுந்தால் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைந்துவிடும். பிடிப்பு போய், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் எவ்வளவு வலித்தாலும் உட்கார்ந்தே, ஒரே சீராக மிதிக்க வேண்டும். இவ்வளவு மெதுவான ஏற்றத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாலும் பெரிய லாபம் இல்லை. காற்றை யார் தடுத்தாலும், சரிவை அவரவரேதான் ஏற வேண்டும்.

2018 செப்டம்பரிலேயே ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை ஜெயித்துவிட்டார் யேட்ஸ். அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும், ஜிரோ என்றாலே எல்லோருக்கும் நினைவு வந்தது ஃபினெஸ்த்ரேதான். 2025 ஜிரோவின் பாதை வெளியானபோது, கடைசிக்கு முந்தைய நாளில் அதே மலை. அப்போதே மனதில் குறித்துவைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

2025 மே 31 காலையில் அவர் மூன்றாவது இடத்தில் இருந்தார். முதல் இடத்தில் மெக்ஸிகோவின் ஐசக் டெல் டோரோ, 21 வயது. இரண்டாவது ஈக்வடாரின் ரிச்சர்ட் காரபாஸ். யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கியிருந்தார். அடிவாரத்திலேயே காரபாஸ் பாய்ந்தார். டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் தன் வேகத்திலேயே வந்து அவர்களைப் பிடித்தார். பிறகு தார் ரோடு முடியும் முன்பே தனியாகப் பிரிந்துவிட்டார். பின்னால் இருந்த இருவரும், துரத்தும் வேலையை யார் செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரளையில் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. உச்சிக்கு அப்பால் அவருடைய அணியின் வௌட் வான் ஆர்ட் காத்திருந்தார். அன்று முன்கூட்டியே கிளம்பிய கூட்டத்தோடு போய், யேட்ஸுக்காகவே நின்றவர். செஸ்த்ரியேரை நோக்கிக் காற்றைத் தன் முகத்தில் வாங்கி, யேட்ஸை இழுத்துப் போனார்.

அன்று மாலை பிங்க் ஜெர்ஸி யேட்ஸிடம் வந்தது. மறுநாள் ரோமில் ஜிரோ முடிந்தபோது டெல் டோரோவைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னிலை. செஸ்த்ரியேரில் கோட்டைத் தாண்டியதும் 32 வயது மனிதர் அழுத அழுகை, ஜெயித்த அழுகை மாதிரியே இல்லை.

டெல் டோரோவைக் குறை சொன்னவர்கள் நிறைய பேர். துரத்தியிருக்க வேண்டும்தான். ஆனால் 11 நாள்களாக பிங்க் ஜெர்ஸியைக் காத்த 21 வயதுப் பையனை சோபாவில் உட்கார்ந்து திட்டுவது சுலபம். 25 வயதில் இதே மலையில் யேட்ஸையும் அப்படித்தான் பேசினார்கள்.

பந்தயக்காரர்கள் உச்சியிலிருந்து தார் ரோட்டில் இறங்கிவிடுவார்கள். செஸ்த்ரியேருக்கு இன்னொரு வழியும் உண்டு. கிராவல் சைக்கிள்காரர்கள் தேடி வருவது அதைத்தான். உச்சியிலிருந்து சற்று இறங்கியதும், மலை முகட்டோடே போகும் அசியேத்தா பாதை பிரிகிறது. இதுவும் ராணுவம் போட்டதே. பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல், முழுக்க மண்ணும் கல்லும். அசியேத்தா கணவாய் 2,472 மீட்டர். 1747-ல் பிரெஞ்சுப் படையை பியெட்மான்ட்காரர்கள் இங்கேதான் தடுத்து நிறுத்தினார்கள். இப்போது அங்கே மாடுகள் மேய்கின்றன. மனித வாடை தெரிந்தால் மர்மோட் என்ற மலை அணில்கள் விசில் அடிக்கின்றன.

பனி உருகிய பிறகே பாதை திறக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் புதன், சனிக்கிழமைகளில் பகலில் கார், பைக் போகக்கூடாது. சைக்கிள்காரர்கள் அந்த நாள்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. மதியத்துக்கு மேல் இடி மழை வரலாம் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள், தண்ணீர் பாட்டில்களைக் கீழேயே நிரப்பிக்கொண்டு.