புருவத்துக்கு மேலே ஒரு டேப்

ஆரம்பாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் என் பையில் ஓர் இஞ்ச் டேப் இருக்கும். சிறப்புக் கல்வி ஆசிரியையான நான் முதலில் பிள்ளையின் தலையை அளப்பேன். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுத வேண்டும்.

1943இல் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது, தான் பார்த்த 11 குழந்தைகளில் ஐவருக்குத் தலை சற்றுப் பெரிது என்று குறித்தார். 2017இல் ஆய்வாளர் ஹீதர் ஹாஸ்லெட் குழுவினர், ஆட்டிசமுள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளைத் தூக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு, 6 முதல் 12 மாதத்துக்குள் மூளையின் மேற்பரப்பு வேகமாக விரிந்திருந்தது. இரண்டாம் வயதில் மூளையின் அளவும் கூடியது. தூங்கவைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளை அசைந்தால், மூளையின் புறணி உள்ளதைவிட மெலிந்ததாகப் படத்தில் தெரியும்.

குப்பத்தில் நாலு வயதுப் பையன் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை. இறால் விற்கும் அவன் அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். "படத்துல ஒண்ணியும் இல்லன்ட்டாங்க டீச்சர். அப்பால ஏன் பேச மாட்றான்?"

அவருடைய கூடையைக் காட்டிக் கேட்டேன்: "ரெண்டு படகு இறால் வருது. ஒரு படகுல சராசரியா கொஞ்சம் பெருசு. ஒத்த இறாலைக் கையில எடுத்து, எந்தப் படகுதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

"அதெப்டி முடியும்?"

ஏபைட் என்ற பெயரில் 2012இல் பொதுவில் வைக்கப்பட்ட 1,112 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதுதான். ஆட்டிசமுள்ளவர்கள் கூட்டத்துக்கும் இல்லாதவர்கள் கூட்டத்துக்கும் வித்தியாசம் சிறியது. ஆளுக்கு ஆள் பெரியது. வலிப்பு போன்றவை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேன் அவசியம். ஆனால் ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் 2009இல் வந்த ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலின் 40 குறிப்புகளும் பிள்ளையின் நடத்தையைத்தான் பார்க்கச் சொல்கின்றன.

இதைச் சொன்னதும், "அப்ப புள்ளயத்தான் பாக்கணும்" என்றார் அவரே.

முதல் வாரம் டேப் நெற்றியில் பட்டதும் பையன் வீறிட்டான். அடுத்த வாரம் அளக்காமல், டேப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுருட்டினான், விரித்தான், கன்னத்தில் தேய்த்துக்கொண்டான். மூன்றாம் வாரம் அதை அம்மாவின் தலையில் சுற்றிவிட்டு, ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தான். 'பார்த்தீங்களா' என்று கேட்கும் அந்தப் பார்வைக்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

அன்று அளக்கவும் விட்டான். 51 செ.மீ.; வயதுக்கு வழக்கமான அளவுதான். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு மேலே, அவன் திரும்பிப் பார்த்ததை எழுதினேன்.