திண்ணைப் பேச்சு

ஞாயிறு மாலை நம் வீட்டுத் திண்ணையில் நாலு நண்பர்கள் கூடினால், தேசம் க்ஷீணித்துவிட்டதென்ற பேச்சு விளக்கு வைத்த பின்பும் ஓயாது. அரசியல் கெட்டது, கலை கெட்டது, பிள்ளைகள் கெட்டார்கள் என்போம். குற்றவாளிகளின் ஜாபிதாவில் திண்ணையில் அமர்ந்திருப்போர் பெயர் மட்டும் இராது.

1909-ஆம் வருஷம் நவம்பர் மாதம் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்புகையில், காந்தியடிகள் 'கில்டோனன் காஸில்' என்ற கப்பலிலேயே குஜராத்தியில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். அதுவும் நீண்ட சம்பாஷணைதான். வாசகர் கேட்கிறார், பத்திராதிபர் விடை சொல்கிறார். ஆங்கிலேயர் தேசத்தைப் பறிக்கவில்லை, நாமே கொடுத்தோம் என்று அதில் வாதிக்கிறார். பழியை முதலில் நம் வீட்டுக்குள்ளேயே தேடினார் அவர்.

சென்ற ஞாயிறு, தமிழ் அழிகிறதென்று நாம் இரண்டு மணி நேரம் முழங்கினோம். வல்லெழுத்து எங்கே மிகும் என்று கேட்க வந்த மாணவன் ஒருவன், வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனானாம். மறுநாள் வகுப்பில்தான் தெரிந்தது. வெட்கிப் போனோம்.

இந்த ஞாயிறு திண்ணையில் அவனுக்கே முதல் இடம். அவன் சந்தேகம் தீர்ந்த பிறகு தேசத்தைப் பற்றிப் பேசுவோம்.