தானாய் முளைத்த கன்று

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. கீழே வெயில் கொளுத்தும்போது மேலே மஞ்சு மூடிக் கிடக்கும். விதைத்தவர் யாரென்று தெரியாத பூக்கள் அந்தக் குளிர் மண்ணில் ஏராளம். தோட்டத்து லயங்களின் வாசலைப் பாருங்கள். ஒருமுறை காசித்தும்பை வைத்தால் போதும். அடுத்த மழைக்குத் துவைகல் இடுக்கிலும் படிக்கட்டு வெடிப்பிலும் அதன் கன்றுகள் தலைநீட்டும். முற்றிய காயைத் தொட்டால் ஐந்து மடல்களும் சட்டென்று சுருண்டு விதைகளைச் சிதறடிக்கும். யாருடைய தயவும் அதற்கு வேண்டியதில்லை.

ஏலத்திற்கு இந்த வித்தை தெரியாது. அணிலும் எலியும் கடித்துப் போட்ட காயிலிருந்து சிந்தும் விதை, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் எப்போதாவது முளைப்பதுண்டு.

சென்ற கோடை விடுமுறையில் அம்மாவுடன் ஏலத்தோட்டத்திற்குக் களையெடுக்கப் போனேன். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கால் நீட்ட இடமின்றி நெருக்கியடித்துக் கொண்டு செல்லும் பயணம். அங்கே ஒரு மரத்தடியில் ஒற்றைக் கன்று நின்றது.

"தானா மொளச்சது. விட்டுரு ராசா, பட்டுப்போன எடத்துல நடலாம்" என்றாள் அம்மா.

நானோ தாவரவியல் மாணவன்! ஏலப்பூவில் தேனீக்கள் வேற்றுச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே விதைக்கன்று தாயைப் போல இராது. பக்கக்கன்று வைத்தால்தான் தாயின் குணம் மாறாமல் வரும் என்று பாடம் நடத்திவிட்டு, அதைப் பிடுங்கி எறிந்தேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தாயப் போல இல்லாட்டி என்ன? அதவிட நல்லா வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தட்டைக்கு நகர்ந்தாள்.

கல்லூரி திறந்தபின் 'ஞள்ளானி' ஏலத்தின் வரலாற்றைப் படித்தேன். இன்று ஏலமலையில் பரவலாகப் பயிராகும் அந்த வகை, ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததன்று. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, விதைக்கன்றுகளிடையே மிகுதியாகக் காய்த்ததைத் தேர்ந்து, பக்கக்கன்றுகளால் பெருக்கியது. படித்தபோது என் தலை தானாகக் குனிந்தது.

நான் கற்ற பாடம் பொய்யன்று, ஆனால் பாதிதான். தாயைப் போல இராது என்பதை நான் குறையாகவே கண்டேன். புதிய வகை பிறக்கும் வழியும் அதுவே என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் பிடுங்கிய கன்று ஒன்றுக்கும் உதவாததாகவே இருந்திருக்கலாம். ஆயினும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்து, காய்த்த பிறகன்றோ அதைச் சொல்லியிருக்க வேண்டும்!

என் அம்மா பள்ளி வாசலை மிதித்தவள் அல்லள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாயைப் போல இல்லாத கன்றுதான் நானும். அன்று அவள் கேட்டது ஏலக்கன்றைப் பற்றி மட்டுந்தானா என்று இப்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன்.

வரும் விடுமுறையிலும் களையெடுக்கப் போவேன். தனித்து நிற்கும் கன்று கண்ணில் பட்டால், கையை நீட்டுமுன் அம்மாவைக் கேட்பேன்.