ஓடும்போது கொதிக்குதா, நிக்கும்போதா?

1980களின் நடுவில் அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கே ஒரு கார்தான். அது பெரியப்பாவுடையது. மார்க் 3 அம்பாசடர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெயருக்கு வெள்ளை, நிறம் தயிர்ச் சட்டியின் அடிப்பாகம். டெம்பரேச்சர் முள் எங்களிடம் வருவதற்கு முன்பே செத்திருந்தது. அதனால் வண்டிக்குச் சூடு ஏறியிருக்கிறது என்பதை மூக்குதான் கண்டுபிடிக்கும். துருவும் வெந்நீரும் கலந்த ஒரு வாடை டேஷ்போர்டின் அடியிலிருந்து கிளம்பும். பின்சீட்டிலிருந்து பெரியம்மா, "என்னங்க, வருது" என்பார்.

வருவதற்கும் ஒரு கணக்கு இருந்தது. பட்டாபிராம் ரயில்வே கேட்டில், உச்சி வெயிலில், இன்ஜினை அணைக்காமல் எவ்வளவு நேரம் நின்றாலும் வண்டி சாதுவாக இருக்கும். கேட் திறந்து, திருநின்றவூர் தாண்டி, ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று பெரியப்பா மிதித்தால் போச்சு. திருவள்ளூர் வீரராகவரைப் பார்க்க அமாவாசைக்குக் கிளம்பினால் அவருக்கு முன்னால் ஒரு புளியமரத்தைத் தரிசித்துவிட்டுத்தான் போவோம். பானெட்டைத் தூக்கிவிட்டு எங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார் பெரியப்பா. ஆற விட்டு, ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, கால் திருகு திருகி, புஸ்ஸென்ற சத்தம் அடங்கியபின்தான் முழுக்கத் திறப்பார். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் பிளாக் விரிசல் விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், இந்தப் பக்கம் டன்லப், டிஐ சைக்கிள்ஸ், நடுவே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள். வீட்டுக்கொரு ஃபிட்டரோ டர்னரோ இருந்த ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தால் லுங்கியோடு நாலு பேர் வந்து தலையை உள்ளே விடுவார்கள். "இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று ஒருவர் அதைக் கழற்றி எறிந்தார். அந்த வால்வு சுமார் 80 டிகிரி வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைத்து, இன்ஜினைச் சீக்கிரம் பதமான சூட்டுக்குக் கொண்டுவருவது. போனபிறகு காலையில் சோக்கை இழுத்தபடியே நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருந்தது, பெட்ரோலும் கூடக் குடித்தது. கொதிப்பு மட்டும் அப்படியே இருந்தது. தமிழ்நாட்டில் இப்படித் தெருவில் எறியப்பட்ட தெர்மோஸ்டாட்டுகளைச் சேர்த்தால் ஒரு பழைய இரும்புக் கடையே வைக்கலாம். இன்னொருவர், அழுத்தம் வெளியேறட்டும் என்று மூடியின் ரப்பர் வாஷரை எடுத்துவிட்டார். அது அதைவிடக் கேடு. பிரஷர் குக்கர் மாதிரிதான் ரேடியேட்டர் மூடியும். ஏழு பவுண்டு அழுத்தத்தில் அடைத்துவைத்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். அடைப்பு போனால் 100லேயே பொங்கிவிடும்.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்த சித்தப்பாதான் பெரியப்பாவைத் தேற்றுவார். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம் அது. "அண்ணே, எங்க டாங்கியோட லேலண்ட் இன்ஜினுக்கே சூடுன்னா ஆகாது, உங்க வண்டி எம்மாத்திரம்." பெரியப்பா தேறியதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓலைக் கொட்டகை போட்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் போனோம். காதில் பீடித்துண்டு. ஸ்பேனரைத் தொடாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடும்போது கொதிக்குதா சார், நிக்கும்போதா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நிற்கும்போது கொதித்தால் காற்றில் குறை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை ரேடியேட்டர் முகத்தில் பூச்சியும் புழுதியும் அடைந்திருக்கும். ஓடும்போது என்றால் காற்று தாராளமாக வருகிறது, தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை அவர், டிராயர் போட்டுப் பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார். பெரியவர்களிடம் சொன்னால் குறுக்கே பேசுவார்கள் என்று நினைத்திருப்பார்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார், சரியாக இருந்தது. டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் கலந்து வெளுத்துப்போயிருக்கும். இது சுத்தக் கறுப்பு. மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். உள்ளே தண்ணீரில் குமிழியும் இல்லை. ஒரு மரப்பலகையை எடுத்துப்போட்டு, "உக்காரு தம்பி, கீழ் ஹோஸையே பாரு" என்றார்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய். இன்ஜின் சூடேறும் வரை அது சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கார்புரேட்டர் லீவரைக் கையால் இழுத்தார். இரைச்சல் ஏற ஏற, என் முகத்துக்கு ஒரு முழத்தில் அந்தக் குழாய் இரண்டு பக்கமும் உள்வாங்கி, சப்பையாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. லீவரை விட்டதும் டப்பென்று பழையபடி உருண்டது. மறுபடி இழுத்தார், மறுபடி ஒட்டியது. வேகம் போனால் பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் தண்ணீரின் வழியே அடைபட்டுப்போகிறது. ஒரிஜினல் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்குமாம். யாரோ எப்போதோ கம்பியில்லாத சாதா குழாயை மாட்டியிருந்தார்கள்.

பெரியப்பா உடனே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஹோஸ் வாங்கிவரக் கிளம்பினார். நல்ல மெக்கானிக்கும் சுமார் மெக்கானிக்கும் பிரிகிற இடம் இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஹோஸை மாற்றிக் காசு வாங்கியிருக்கலாம் அவர். "இருங்க சார். பம்பு எதுக்கு இந்த இழு இழுக்குது? மேலேர்ந்து எறங்கலையே" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் பக்கமாகக் கையை விட்டு ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினார். என் கையையும் பிடித்துவைத்தார். மேலே தாங்க முடியாத சூடு. நடுவில் ஓர் இடம் திடீரென்று வெதுவெதுப்பு, அதற்குப் பக்கத்தில் மீண்டும் சூடு, கீழ்மூலை கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்த குழல்களிலெல்லாம் தண்ணீரே ஓடவில்லை.

மறுநாள் ரேடியேட்டர் பாய் கடையில் மேல் டேங்க்கின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்தார்கள். மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழலிலும் விட்டுக் குத்த, மஞ்சளும் வெள்ளையுமாக உப்புச் செதில் உதிர்ந்தது. எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையின் அடியில் படிந்திருக்குமே, அதே உப்பு. போர் தண்ணீரைத்தான் வருஷக்கணக்கில் ஊற்றியிருந்தோம். கூலன்ட் என்ற பேச்செல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது.

மேஸ்திரி கம்பி வைத்த ஹோஸ், புது மூடி, கூடவே ஒரு தெர்மோஸ்டாட்டும் மாட்டினார். மாட்டுவதற்கு முன் கொட்டகை ஸ்டவ்வில் சொம்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதற்குள் போட்டு, வால்வு வாய் திறப்பதை எனக்குக் காட்டினார். கூலி விஷயத்தில் பெரியப்பா வழக்கம்போல் இழுத்தார், அவரும் வழக்கம்போல் விட்டுக்கொடுத்தார். "ஆனா இனிமே மழைத்தண்ணிதான் ஊத்தணும் சார்" என்று மட்டும் கறாராகச் சொன்னார்.

ஐப்பசி பிறந்ததும் சன்ஷேடுக்குக் கீழே டிரம் வைப்பது பிள்ளைகளின் வேலையானது. முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவியபின் பிடிக்க வேண்டும் என்பது பெரியப்பா உத்தரவு. பிடித்தோம். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு பாதி நேரத்தில் குழைகிறது என்று பெரியம்மா கண்டுபிடித்த பிறகு, காருக்கு ஒரு சொம்பு எடுப்பதற்கே பெரியப்பா அடுப்படி வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது.