தந்திக்கும் ஓர் அளவு உண்டு

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. செலவு செய்வதற்கு மட்டுமன்று, இசைக் கருவிக்குத் தந்தி வாங்குவதற்கும் அது பொருந்தும் என்பதைப் பள்ளி இசைக்குழுவைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். எங்களுக்குப் பின் அக்கருவியைக் கையில் எடுக்கப்போகும் தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், முன்னாள் மாணவி ஒருவரின் குடும்பத்தார் எங்கள் குழுவுக்கு ஒரு பேஸ் கிட்டாரை அன்பளிப்பாகத் தந்தனர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மீட்டிப் பார்த்தபோது மூன்று தந்திகள் மந்தமாக ஒலித்தன; எல்லாவற்றிலும் தடித்த நான்காம் தந்தியோ “டொக், டொக்” என்று மரத்தைத் தட்டுவது போன்ற ஓசையை மட்டுமே கொடுத்தது. பார்த்தவர்களெல்லாம் “கருவியே பழுது” என்றார்கள். பழைய சாமான்களோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் குழுவின் கடைக்குட்டி. தாளம் தவறாத பெண். ஆனால் சிறிய கைகள். முந்தைய ஆண்டு விழாவுக்கு இரவல் வாங்கிய பெரிய பேஸ் கிட்டாரில் அவள் விரல்கள் எட்டாமல் கண் கலங்கிப் போனாள். அன்பளிப்பாக வந்த கருவியிலோ அதே விரல்கள் தாமாகவே சரியான இடத்தில் போய் அமர்ந்தன. இதைப் போட்டுவிட்டால் அவளுக்கு வேறு கருவி ஏது?

“முதலில் அளந்து பாருங்கள், பிறகு பேசலாம்” என்றார் இசை ஆசிரியை. தையல் வகுப்பிலிருந்து அளவுநாடாவைக் கொண்டு வந்தோம். தலைப் பக்கத்தில் தந்தி ஏறி உட்காரும் சிறு மேட்டை ‘நட்’ என்பார்கள். அங்கிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அதை இரட்டித்தால் தந்தியின் ஒலிக்கும் நீளம் கிடைத்துவிடும். எங்களுக்கு 16 அங்குலம் வந்தது. ஆக, 32 அங்குலம். இதைத்தான் ‘மீடியம் ஸ்கேல்’, அதாவது நடுத்தர நீளம் என்கிறார்கள்.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கிட்டாரை வெளியிட்டபோது அதன் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். அதுவே பிற்காலத்தில் பலருக்கும் வழக்கமான அளவாகிவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் புகழ் பெற்ற, வயலின் வடிவிலான ஹாஃப்னர் கிட்டாரின் நீளம் 30 அங்குலம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 32. இரண்டு அங்குல வேறுபாடு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நட்டிலிருந்து நான்காம் மெட்டு வரை 34 அங்குலக் கிட்டாரில் 7 அங்குலம், எங்களுடையதில் 6.6 அங்குலம். கடைக்குட்டியின் சுண்டு விரலுக்கு அந்த அரை அங்குலத்துக்கும் குறைவான தூரமே பெரிய வித்தியாசம்.

நீளம் தெரிந்த பிறகு பழைய நான்காம் தந்தியை உற்றுப் பார்த்தோம். நடுவில் ஒரு கம்பி, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய மற்றொரு கம்பி. பேஸ் தந்தியின் அமைப்பு இதுதான். வெறும் கம்பியையே அவ்வளவு தடிமனாகச் செய்தால் விறைத்துக்கொண்டு அதிராது. சுற்றிச் செய்வதால் எடை கூடுகிறது, நெகிழ்ச்சியும் கெடுவதில்லை. தந்தியின் முனைக்கு அருகில் மட்டும் இந்தச் சுற்று மெலிந்துவிடும். அந்த மெல்லிய பகுதிதான், வீணையில் பிருடை என்போமே, அதுபோன்ற முறுக்கும் சாவியில் சுற்ற வேண்டும். பழைய தந்தி 34 அங்குலக் கிட்டாருக்கானது. அதனால் தடித்த பகுதியே சாவியைச் சுற்றி வளைந்து, சுற்றுக்கம்பி விலகித் தொளதொளத்துப் போயிருந்தது. பழுது கருவியில் இல்லை, தந்தியில்தான் என்பது அப்போது விளங்கியது.

நகரத்தில் ஒரு கடைக்குச் சென்றோம். “எல்லாம் ஒரே கம்பிதாம்மா, போட்டுப் பாருங்க” என்றார் கடைக்காரர். நாங்கள் அளவுநாடாவை எடுத்தோம். எங்கள் கிட்டாரில் தந்தியின் குண்டு முனை மாட்டும் இடத்திலிருந்து நட் வரை 33½ அங்குலம். அவர் காட்டிய நீளக் கட்டில் தடித்த பகுதி 36 அங்குலம். நட்டைத் தாண்டி 2 அங்குலத்திலேயே இருக்கும் எங்கள் முதல் சாவியில் அது மீண்டும் சுற்றிக்கொள்ளும். குறுகிய கட்டிலோ 32 அங்குலம்தான். முதல் மெட்டுக்கும் நட்டுக்கும் நடுவிலேயே தடிப்பு முடிந்துவிடும். ஒன்று மிச்சம், ஒன்று போதாது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “இவ்வளவு கணக்கோடு யாரும் வந்ததில்லை” என்று கூறி, நடுத்தர நீளக் கட்டை வரவழைத்துத் தர ஒப்புக்கொண்டார்.

தடிமனையும் நாங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதற்கு இயற்பியல் பாடம் கைகொடுத்தது. ஆய்வகத்தில் சுரமானியை வைத்துச் செய்கிறோமே, அந்த விதிகளை 1636-இல் தம் நூலில் எழுதியவர் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. அவருடைய விதிப்படி, ஒரே தந்தியை ஒரே சுருதியில் 34 அங்குலத்துக்குப் பதில் 32 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய 11 விழுக்காடு குறைகிறது. ஆகவே மெல்லிய தந்திகள் எங்கள் கருவியில் தளர்ந்து, மெட்டுகளில் உரசும். நான்காம் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை மட்டுமே அதிர வேண்டிய தாழ்ந்த ஒலியல்லவா? ஆதலால் அங்குலத்தில் ஆயிரத்தில் 45, 65, 85, 105 பங்கு தடிமன் உள்ள நான்கைத் தேர்ந்தெடுத்தோம்.

சுற்றுக்கம்பி உருண்டையாக இருந்தால் ஒலி பளிச்சென்றிருக்கும். ஆனால் விரல் நகரும்போது கீச்சென்று கேட்கும். பட்டையாக இருந்தால் வழுவழுப்பாகவும் ஒலி கனிவாகவும் இருக்கும். டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பட்டைத் தந்திகளையே விரும்பினார். பாடும் குரல்களுக்குத் துணை நிற்பதே எங்கள் வேலை ஆகையால் நாங்களும் பட்டையையே கேட்டோம். விலை கூடுதல்தான். விளையாட்டு விழாவில் சுண்டல் விற்ற பணத்தோடு பெற்றோர் சிலர் தந்த உதவியும் சேர்ந்து கணக்கைச் சரிசெய்தது.

மூன்று வாரம் காத்திருந்தோம். தினமும் “தந்தி வந்ததா?” என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதைக் கவனித்த வாயிற்காவலர் தாத்தா, “தந்தி ஆபீசைத்தான் 2013-லேயே மூடிட்டாங்களேம்மா!” என்று வியந்தார். சிரித்து மாளவில்லை.

வந்த தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றினோம். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்தின் மேலுள்ள இழுப்பு ஒரேயடியாகப் போய்விடும். மிச்ச நுனியை நறுக்கும் முன் அவ்விடத்தைச் செங்குத்தாக மடக்கினோம். மடக்காமல் நறுக்கினால் சுற்று நழுவக்கூடும். தடித்த பகுதி நட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் அழகாக முடிந்தது. பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியும், அதே இடத்தில் இலேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒன்றாகும்வரை மறுமுனையிலுள்ள திருகுகளைச் சரிசெய்தோம். கடைக்குட்டி நான்காம் தந்தியை மீட்டினாள். காதில் கேட்பதற்கு முன் மேசை மேல் வைத்திருந்த எங்கள் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது. பழைய சாமான்களைப் பற்றிப் பேசிய சிஸ்டர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, “இதற்கு ஒரு நல்ல உறை தைத்துப் போடுங்கள், தூசி படியக் கூடாது” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

ஒரு பொருள் சரியாக இயங்கவில்லை என்றால் அது உதவாதது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பல சமயம் அதற்கு வேண்டியதை நாம் கொடுத்திருக்க மாட்டோம். கடையில் எளிதில் கிடைப்பது ஓர் அளவு, அதற்குப் பொருந்துவது வேறோர் அளவாக இருக்கும். அளந்து பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

தங்கைகளே, அடுத்து தந்தி மாற்றும்போது நாங்கள் பள்ளியில் இருக்கமாட்டோம். ஆகையால் உறையின் உட்புறம் சிவப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறோம்: ஒலிக்கும் நீளம் 32. குண்டு முனையிலிருந்து நட் வரை 33½. தடித்த பகுதி 34½. கடைக்காரர் என்ன சொன்னாலும் அளவுநாடாவைக் கொண்டு செல்லுங்கள்.