விதைக்காய்

மதுரையில் என் வீட்டு மாடியில் நான்கு பைகளில் சின்ன வெங்காயம் ஊன்றினேன். கடையில் வாங்கிய காய், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் ஒரு நாற்றம். கிளறிப் பார்த்தால் பாதிக் காய் கூழாகியிருந்தது, மீதி முளைக்கிற எண்ணமே இல்லாமல் போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லிச் சிரித்தபோது பக்கத்து இலைக்காரர் சிரிக்கவில்லை. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். “எங்க மதினியைப் போய்ப் பாருங்க. பயராபீஸ் வேலைக்குப் போறவுக. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சென்ட்ல, இத்தனை வருசமா விதைக்காயைக் கைவிடாம வச்சிருக்காக” என்றார்.

தீபாவளி கழிந்து எட்டாம் நாள் போனேன். சிவகாசி வட்டாரம் மூச்சு வாங்கிக்கொள்ளும் நாட்கள் அவை. ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியலில் ஓடும் வேன்களைக் காணோம். ஆபீஸ் கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்யும் இடம் பயராபீஸ். இந்தத் தகரக் கூரைகளுக்குக் கீழே கரித்தூளும் அலுமினியத் தூளும் பூசிய கைகளோடு உட்கார்ந்திருப்பவர்களும் ‘ஆபீசுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம். ஐம்பதைத் தாண்டிய அந்தம்மாளை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். என் மாடிக்கதையைக் கேட்டவர் முதலில் கேட்டது இதுதான்: “அழுகாம முளைக்காம கெடந்துச்சே, அது புதுக்காயா பழசா?”

எனக்குத் தெரியவில்லை.

“புதுக்காயாத்தான் இருக்கும். பறிச்ச காய் ரெண்டு மாசமாவது தூங்கணும் தம்பி. தூக்கத்துல இருக்கவனைத் தண்ணி ஊத்தி எழுப்புனா எந்திரிப்பானா? அழுகுனது வேற கதை. அது காய்ச்சல் பத்தாத காய். கழுத்துல ஈரம் இருந்திருக்கும்.”

காய்ச்சல் என்ற சொல்லை அன்று மட்டும் பத்து தடவையாவது கேட்டேன். வெயிலில் காய்வதைத்தான் சொல்கிறார். பயராபீஸிலும் அதே சொல். கம்பி மத்தாப்புச் சட்டங்களை வரிசையாக வெயிலில் அடுக்கிவிட்டு ‘நல்ல காய்ச்சல்’ என்பார்கள், மேகம் மூடினால் ‘காய்ச்சல் பத்தல’ என்பார்கள். 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியதற்கும், பட்டாசு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதற்கும் இந்த மழையில்லா வெயில்தான் துணை. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றி. அதிலும் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையில்தான் கரிசல் வெங்காயம் ஊன்றுகிறது. பட்டாசுக்கு ஆகாத மாதம், வெங்காயத்துக்கு ஆன மாதம்.

அக்கா இருபது வருடத்துக்கு மேல் சரம் பின்னியவர். இரண்டிரண்டு வெடியாகத் திரியோடு திரி சேர்த்து, நூலில் கோத்து, சரவெடியாக நீட்டுகிற வேலை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த வெடிகளோடு சரவெடியையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. அந்தத் தீர்ப்பின் நியாயம் டெல்லியின் காற்றில் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வாரம் எத்தனை விரல்கள் வேலையிழந்தன என்று எந்த நாளிதழிலும் நான் படித்த ஞாபகம் இல்லை. இப்போது பெட்டி ஒட்டுகிறார், லேபிள் ஒட்டுகிறார். “பின்னுற கைக்கு ஒட்டுற வேலை சப்புன்னு இருக்கு” என்றார்.

கொல்லையில் பாத்தி தயாராக இருந்தது. கரிசலைப் பற்றி ஊருக்கு வெளியே ஒரு மயக்கம் உண்டு, எதைப் போட்டாலும் விளையும் என்று. உண்மையில் நனைந்தால் பசை, காய்ந்தால் பாறை. மழை நின்று தேங்கினால் வெங்காயத்தின் அடித்தட்டு அழுகும். அதனால் ஓடை மணலும் ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் கொட்டிக் கிளறி, ஒன்றரை அடிக்கு ஒரு பார் பிடித்திருந்தார். பாரின் உச்சியில் ஊன்றக் கூடாது, இரண்டு சரிவிலும் ஊன்ற வேண்டும்.

திண்ணையில் விதைக்காயைக் கொட்டினார். கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்ததைப் பிரித்து, சருகை உதிர்த்து, மூன்று குவியலாக ஒதுக்கினார். பெரியது குழம்புக்கு. சுண்டுவிரல் நுனி அளவுள்ளது ஊறுகாய்க்கு. நடுத்தரம் மட்டும் விதைக்கு. பெரிய காய்தானே நல்ல விதை என்றேன். ஒன்றைக் குறுக்கே நறுக்கிக் காட்டினார். உள்ளே நான்கைந்து கண்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் தனித்தனி வளையம். “இது ஒரு காய் இல்ல, ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு குடும்பம். பெருசை வச்சா எல்லாம் முட்டிக்கிட்டு வரும், ஒண்ணும் தேறாது.”

பல்லாரியிலிருந்து சின்ன வெங்காயம் பிரிகிற இடம் அதுதான். எங்கள் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்று பெயர். அது பூத்து, விதை கட்டி, நாற்றுவிட்டு வளர்வது. குளிர்நாடுகளின் வீட்டுத் தோட்டக்காரர்கள் அந்த விதையை நெருக்கமாகத் தூவி, கோலிக்குண்டு அளவுக்கு மேல் வளர இடம் கொடுக்காமல் எடுத்துக் காயவைத்து, அடுத்த பருவத்தில் அதை ஊன்றிப் பெரிய காயாக்குவார்கள். நம் சின்ன வெங்காயத்துக்கு அந்தச் சுற்றுவேலை தேவைப்படவில்லை. சமவெளியின் சூட்டில் அது பெரும்பாலும் பூப்பதே இல்லை. காயை ஊன்றினால் காயே பெருகும். ஒன்று நான்காகும், எட்டும் ஆகும். அக்காவின் கையிலிருந்த காய், அவர் மாமியார் ஊன்றிய அதே செடியின் துண்டு. அந்த மாமியார் அதை ஈருள்ளி என்பாராம்.

ஊன்றும் வேகத்தைப் பார்த்து நான் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். இடது உள்ளங்கையில் ஒரு பிடி. வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றை எடுக்கும்போதே வேர்ப்பக்கம் கீழே திரும்பிவிடுகிறது. நான்கு விரல் இடைவெளி. ஒரு அழுத்து, அவ்வளவுதான். நுனி மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், புதைக்கக் கூடாது. நான் ஊன்றிய பத்தில் இரண்டைத் திருப்பி ஊன்றினார். சொல்லவில்லை, திருப்பினார். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான். உள்ளே போய், சிவகாசியில் அச்சான தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் தேதியை எழுதி ஆணியில் குத்தினார். அந்த ஆணியில் ஏற்கெனவே பழைய தாள்கள் பத்துப் பதினைந்து.

தாள்களைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. வருடத்துக்கு ஒன்று அல்ல, இரண்டு தாள். ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. நான் அதுவரை நினைத்திருந்தது, தையில் எடுத்த காயை ஐப்பசி வரை பத்திரமாக வைத்து ஊன்றுவார்கள் என்று. அப்படி வைக்க முடியாது. நன்றாகக் காய்ந்த காய் மூன்று, நான்கு மாதம் தாங்கும். அதற்குமேல் ஒன்று முளைக்கும், ஒன்று வெறும் சருகாகும். மழைப் பயிருக்கும் அடுத்த மழைப் பயிருக்கும் நடுவே ஒன்பது மாதப் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் சித்திரையில், குடிக்கவே தண்ணீர் இல்லாத மாதத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்கால் கட்டி ஒரு சென்ட் ஊன்றுகிறார். ஆடியில் எடுக்கிறார். அது ஐப்பசி வரை தூங்குகிறது. சித்திரைப் பயிர் சாப்பாட்டுக்கு அல்ல, விதை செத்துப்போகாமல் இருக்க. வீட்டுத்தோட்டம் என்றால் கீரையும் கத்தரியும் பறித்துக் குழம்பு வைப்பது என்று நினைத்திருந்த எனக்கு, அடுப்புக்கே போகாத ஒரு பாத்தி புதிது.

மறுநாள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு புஞ்சைக்கு அழைத்துப் போனார். அவருடைய தங்கை அங்கே கூலிக்கு வெங்காயம் ஊன்றுகிறார். பதினான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு பார், இடுப்பில் ஓலைப்பெட்டி. யாரும் நிமிரவில்லை. ஒரு ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் இறங்குகிறது. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலே 30,000 ரூபாய் மண்ணுக்குள் போகிறது, உழவுக்கும் உரத்துக்கும் முன்பே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும், மூட்டை தூக்க வேண்டாம். ஏன் அதைப் போடவில்லை என்று நிலத்துக்காரரைக் கேட்டேன். “நாத்துவிட்டு நட ஒன்றரை மாசம் கூட வேணும் அண்ணாச்சி. எங்க மழை அதுவரைக்கும் நிக்காது” என்றார். மானாவாரிக்காரனின் பதில் அது. கிணறு உள்ளவன் வேறு பதில் சொல்வான். டெல்லியில் விலை ஏறினால் ஏற்றுமதிக்குத் தடை போடுகிறார்கள், அதில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது என்றும் குறைப்பட்டார். 2019 செப்டம்பர் கடைசியில் ஒரு தடை, 2023 டிசம்பர் 8 அன்று இன்னொன்று. அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “நாங்க விக்கிறதும் இல்ல, வாங்குறதும் இல்ல” என்று மெதுவாக என்னிடம் சொன்னார். கொஞ்சம் பெருமைதான்.

பொங்கல் கழிந்த வாரம் மறுபடி போனபோது வெங்காயத் தாள் மஞ்சளடித்துப் பாதி சாய்ந்திருந்தது. பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தியிருந்தார். ஆபீஸ் திறந்து வேலை ஓடிக்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைதான் பறிப்பு. கரிசல் அதற்குள் இறுகியிருந்தது, களைக்கொத்தியால் பக்கத்தில் நெம்பி நெம்பி எடுத்தோம். நடவுக்கு 12 கிலோ இறங்கியது, வந்தது 80 கிலோவைத் தொட்டிருக்கும். இலைப்பேன் இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்றார். ஓரப் பாரில் தாளெல்லாம் வெள்ளி பூசினாற்போல் வெளுத்து, காய் சிறுத்திருந்தது.

இதுவரை நடந்தது எல்லாம் யாரும் செய்யக்கூடிய வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இனிமேல்தான் தொழில். பறித்ததை வரிசையாகப் பரப்பினார், ஒரு வரிசைக் காயின் மேல் அடுத்த வரிசைத் தாள் விழும்படி. காய்க்கு நேர் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், தாள்தான் குடை. அப்படி மூன்று நாள், பிறகு வேப்பமர நிழலில் நான்கு நாள். தாளில் இருக்கிற சத்து காய்க்கு இறங்கி, கழுத்து நூலாகச் சுருங்க வேண்டுமாம். குழம்புக்காய்க்கு அதன்பின் தாளை அறுத்துவிடலாம். விதைக்காய்க்கு அறுக்கக் கூடாது, அறுத்த வாய் வழியாகத்தான் அழுகல் நுழையும். பெரிய அளவில் விளைவிப்பவர்கள் இதையே தரையிலிருந்து உயர்த்தி, மூங்கில் தட்டி வைத்து, கீற்று வேய்ந்து பட்டறை போட்டுச் சேமிப்பார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று நுழைந்தால் போதும். அக்காவிடம் பட்டறை இல்லை. பின்னல் இருக்கிறது.

இரண்டு காயின் தாளைச் சேர்த்து முறுக்கி, அடுத்த இரண்டை இடமும் வலமுமாகச் செருகி, நடுவில் சணல் ஓடவிட்டு, முழ நீளத்துக்கு இறக்கினார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே, “தெரியுதுல்ல, அதே பின்னல்தான். எங்க மாமியா சும்மா கொத்தாக் கட்டித் தொங்கவிடும். ஆபீஸ்ல சரம் நின்னுபோன வருசம் சும்மா இருக்க மாட்டாம இப்படிப் பின்னிப் பார்த்தேன். கொத்தாக் கட்டுனா நடுக்காய் வேர்த்து அழுகும், இதுல ஒண்ணொண்ணும் காத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு” என்றார். பதினோரு சரம். அடுப்படிக்கு மேலே, புகை லேசாகத் தொடும் உயரத்தில், மூங்கில் கழியில் தொங்கின.

பங்குனிப் பொங்கல் பார்க்க விருதுநகர் வந்தவன், எண்ணெய்ப் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு, அப்படியே அவர் ஊருக்கும் போனேன். சித்திரை நடவுக்கு இன்னும் மூன்று வாரம். உள்ளே நுழைந்ததும் அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்தி மூக்கைச் சுளித்தார். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒவ்வொரு சரமாக முகத்தருகே இழுத்து மோந்து, நான்காவதில் நின்றார். கீழிருந்து மேலே விரலால் அழுத்திக்கொண்டே போய் ஒரு காயைப் பிடித்தார். வெளித்தோல் பளபளப்பாகத்தான் இருந்தது. பின்னல் கலையாமல் அதை மட்டும் உருவி எடுத்து, இறங்கிவந்து அரிவாள்மனையில் பிளந்தார். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் இன்னும் வெள்ளை. பழுப்பைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த புளிக்குழம்பில் போட்டார்.