கடைசிக் கேபிள்

எட்டு ஸ்விட்ச்களை ரேக்கில் அடுக்கி, ஒரே ஸ்விட்ச்போல வேலை செய்யவைப்பதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். அதற்கெனத் தனிக் கேபிள் உண்டு. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-க்கு அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என மூன்று நீளங்களில் கிடைக்கும். எட்டுப் பெட்டிக்கு எட்டுக் கேபிள் வேண்டும். ஏழு பெட்டிகளை இணைக்க. எட்டாவது, வளையத்தை மூட.

அந்த எட்டாவதைத்தான் விலைப்பட்டியலில் முதலில் அடிப்பார்கள். "ஏழு போட்டாலே ஓடுமேம்மா?" ஓடும். ஆனால் ஸ்டேக்கின் திறன் பாதியாகிவிடும். நடுவில் ஒரு கேபிள் கழன்றால் ஸ்டேக் இரண்டாக உடையும். இரண்டு பாதிகளும் தானே தலைமை என்று ஒரே ஐ.பி. முகவரியோடு நிற்கும். வளையம் மூடியிருந்தால், ஒன்று போனாலும் தரவு மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும்.

12 வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊரூர் ஒல்காட் குப்பம் என் ஊர். கரையில் மீன் ஏலம் விடும்போது அம்மா சொன்ன விலைக்குக் கூடை கைமாறும். "வீட்டு ஆம்பளைய வரச் சொல்லு" என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. (ஊர்ப் பஞ்சாயத்து வேறு கதை. அங்கே உட்காருவது ஆண்கள்தான்.) அந்தக் கேள்வி சர்வர் அறையில்தான் என்னிடம் வந்தது, கொஞ்சம் நாகரிகமாக: "டெக்னிகல் ஆள் யாரும் வரலையா?"

போன வருடம் ஓர் அலுவலகம். எட்டு ஸ்விட்ச்கள், இடையிடையே கேபிள் மேனேஜர்கள். உச்சியிலிருந்து அடிவரை அரை மீட்டர் எட்டாது. "திரும்பி வர்றதுக்கு 3 மீட்டர் ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் பொறுப்பாளர், என்னோடு வந்த பயிற்சிப் பையனைப் பார்த்து.

தேவையில்லை என்றேன். அது தடித்த, வளையாத கேபிள். மிச்ச நீளம் ரேக்குக்குப் பின்னால் தொங்கும், யார் கையாவது இழுக்கும். ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னினால் போதும். 1, 3, 5, 7 என இறங்கி, 8-க்குத் தாவி, 6, 4, 2 என ஏறி, 1-இல் முடிக்கலாம். எட்டுமே அரை மீட்டர். தலைமுடி பின்னத் தெரிந்த யாருக்கும் இது புரியும். அவருக்கு, பையன் திருப்பிச் சொன்ன பிறகு புரிந்தது.

வேலை முடிந்ததும் அவரை ரேக்குக்குப் பின்னால் கூப்பிட்டேன். ஒரு கேபிளின் திருகைத் தளர்த்தி உருவினேன். வெளியே யாரும் "நெட் போச்சு" என்று கத்தவில்லை.

"எதைக் கழட்டினீங்க?" என்றார், என்னைப் பார்த்து.

"மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருந்தது, சார்."